தூளி இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறாள்: கண்டிப்பா, செல்லமா?

கோத்தகிரி_அம்மா:
மகளுக்கு 2 வயது 3 மாதம். தூளியில் ஆட்டினால்தான் தூங்குகிறாள், அதுவும் இரவு ஒன்பதரைக்கு. 1 மணிக்கும் 3 மணிக்கும் எழுந்து மறுபடி ஆட்டச் சொல்லி அழுகை. அப்பா "அழட்டும், விடு" என்கிறார். பாட்டி 150 மில்லி பால் புட்டியோடு வந்துவிடுகிறார். பகல் தூக்கம் 3 முதல் 5 வரை. யார் சொல்வது சரி?

குன்னூர்_குறிஞ்சி:
கண்டிப்பும் செல்லமும் மாறி மாறி வருவதுதான் சிக்கல். இரவில் பலமுறை லேசாக விழிப்பது எல்லோருக்கும் உண்டு. தூங்கப்போகும்போது இருந்தது விழிக்கும்போதும் இருக்க வேண்டும் பிள்ளைக்கு. ஆட்டம் நின்றிருக்கிறது, அழுகிறாள். மூன்று நாள் அழவிட்டு நாலாம் நாள் தூளிக்குப் போனால், நீட்டி அழுதால் கிடைக்கும் என்று நாமே பழக்கிவிட்ட மாதிரி.

முதலில் பகல் தூக்கத்தை மாற்றுங்க: 1 மணிக்குப் படுக்க வைத்து இரண்டரைக்கு எழுப்பிவிடுங்க. இந்த வயதுக்குப் பகலும் சேர்த்து 11–14 மணி நேரம் போதும் (உலக சுகாதார நிறுவனம், 2019). முதல் நாலு நாள் அதே ஒன்பதரைக்குத்தான் பாய். பால், பல் துலக்கல், ஒரு கதை, விளக்கணைப்பு. வரிசை மாறக் கூடாது. பாயில் தானாகத் தூங்க ஆரம்பித்ததும் இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் இழுங்க.

தூளிக்குப் பதில் நீங்கள். மூன்று இரவு முதுகில் கை, அடுத்த மூன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், பிறகு கதவோரம். நடுராத்திரியிலும் இதேதான். இரண்டாம் மூன்றாம் நாள் அழுகை கூடும். அங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தூளி திரும்பி வருகிறது.

பாட்டியிடம் சண்டை வேண்டாம். இரண்டு இரவுக்கு ஒருமுறை பாலில் 30 மில்லி குறைக்கச் சொல்லுங்க. ராத்திரிப் புட்டியால் பல் சொத்தையும் வரும்.

ஊட்டிக்_குளிர்:
குளிரில் விழிக்கிறாளா என்றும் பாருங்க. கை சில்லென்றிருப்பது கணக்கில்லை, பிடரியைத் தொடுங்க. வியர்த்திருந்தால் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றுங்க. மூடிய அறையில் கரித் தணல் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். தினமும் குறட்டை, வாயால் மூச்சு என்றால் முதலில் டாக்டர். அதற்கு எந்தப் பழக்கமும் உதவாது.

கோத்தகிரி_அம்மா:
தேயிலை ஃபேக்டரி சீசனில் அப்பாவுக்கு நைட் ஷிப்ட்.

குன்னூர்_குறிஞ்சி:
அப்படியானால் சீசன் முடிந்து தொடங்குங்க. காய்ச்சல், சளி இருக்கும் வாரமும் வேண்டாம். தொடங்கிய பிறகு யார் எழுந்து போனாலும் ஒரே பேச்சு: "கண்ணு, தூங்கற நேரம், பக்கத்துலதான் இருக்கேன்." தூளிக் கயிற்றை அவிழ்த்து உள்ளே வைத்துவிடுங்க, கண்ணில் பட்டால் பாட்டியே கட்டிவிடுவார்.