கடிவாளம் போட விடாத குதிரை: காதுக்குக் கிட்டக் கை போனாலே தலையைத் தூக்குது. எங்க துவங்கிறது?

கோப்பாய்_லாயம்:
வணக்கம். 8 வயசு, நலமடிச்ச ஆண் குதிரை, தோள் உயரம் 13 கை வரும் (ஒரு கை 4 அங்குலம்). நுவரெலியாவில சவாரிக்கு நிண்டது, இப்ப கோப்பாயில நிக்குது. தலைக்கயிறு பக்கத்தால கொளுவிறதெண்டபடியால் அதுக்குக் கரைச்சல் இல்லை. கழுத்து, கன்னம், நெற்றி எல்லாம் தடவ விடுது. கை பிடரிமயிரின்ர மேல் நுனிக்குப் போனவுடன தலை மேல போயிடும். வலக்காது எண்டால் பின்னுக்கு நடந்து சுவரில முட்டும் வரைக்கும் நிக்காது. வாயில வைக்கிற கம்பியைக் கண்டால் பல்லை இறுக்குது. கழட்டேக்கையும் தலையை உதறுது. முந்திப் பார்த்த ஆக்கள் காதை முறுக்கிப் பிடிச்சுத்தான் கடிவாளம் போட்டவையாம். ரெண்டு பேர் அமத்திப் பிடிச்சு நாலு தரம் போட்டால் பழகிடும் எண்டு இங்கயும் சொல்லுகினம். எனக்கு அதில விருப்பம் இல்லை. தெரிஞ்ச ஆக்கள் வழி சொல்லுங்கோ.

வடமராட்சி_சவாரி:
அமத்திப் பிடிக்க விடாதேங்கோ. முறுக்கினபடியால்தான் காது பயமாய் மாறியிருக்கு. திரும்பவும் முறுக்கினால் அந்தப் பயம் சரியெண்டுதான் குதிரை படிக்கும். காதின்ர குருத்தெலும்பும் அதைப் பிடிச்சிருக்கிற தசையும் சேதப்பட்டால் காது ஒரு பக்கம் தொங்கியே போகும்.

பழக்கிறதுக்கு முதல், நோவா பயமா, காதா வாயா எண்டு பிரிச்சுப் பார்க்க வேணும். கடிவாளத்தைக் கண்ணில காட்டாமல் வெறுங்கையோட காதுக்குப் போய்ப் பாருங்கோ. இன்னொரு நேரம், காதுக்குக் கிட்டப் போகாமல் வாய்க்கம்பியை மட்டும் உதட்டில வைச்சுப் பாருங்கோ. ரெண்டுக்கும் தலை போனால் உங்களிட்ட இருக்கிறது ரெண்டு பிரச்சினை, ரெண்டையும் தனித்தனியாய்த்தான் தீர்க்க வேணும்.

இதுகளையும் எழுதுங்கோ: தலையைச் சுவரில, தூணில தேய்க்குதா? சும்மா நிக்கேக்கை தலையைச் சிலுப்புதா? காதுக்குள்ள மணம், கசிவு இருக்கா? சப்பின வைக்கோலை உருண்டையாய்த் துப்புதா? லாயத்தின்ர கூரை, வளை எவ்வளவு பதிவு? தலையைத் தூக்கி ஒருக்கா வளையில உச்சி அடிபட்ட குதிரையும் இப்பிடித்தான் நிக்கும்.

கால்நடை_வன்னி:
வலக்காது கூடுதலாக மோசம் என்பது முக்கியமான தகவல். முறுக்கியதால் வந்த பயம் என்றால் பெரும்பாலும் ஆள் நிற்கும் இடப்பக்கம்தான் மோசமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தாங்க முடியாமல் இருந்தால் அந்தக் காதைத் திறந்து பார்க்காமல் பயிற்சி தொடங்க வேண்டாம்.

குதிரை நுவரெலியாவிலிருந்து வந்தது என்கிறீர்கள். அங்குள்ள பந்தயக் குதிரைகளின் காதுகளில் ஒட்டோபியஸ் மெக்னினி என்ற உண்ணி பதிவாகியிருக்கிறது. இது நாம் மாட்டில் காணும் உண்ணி போல் வெளியே தெரியாது. குஞ்சுப் பருவத்தில் காதுக் குழாயின் அடியில் போய் மாதக் கணக்கில் இருந்து இரத்தம் குடிக்கும். உடம்பில் சிறு முட்கள் இருப்பதால் உள்ளே கடுமையாக உறுத்தும். வளர்ந்த உண்ணி குடிப்பதில்லை. கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் மர இடுக்கிலும் ஒளிந்து முட்டையிடும். ஆகவே காதை மட்டும் துப்புரவாக்கி லாயத்தை விட்டால் திரும்ப வரும்.

மற்றவை: காதின் உட்புறத்தில் வெள்ளைத் தகடுகள் போலத் தடிப்பு இருந்தால் அது பப்பிலோமா வைரசால் வருவது. பார்வைக்குப் பயமாக இருந்தாலும் சில குதிரைகளுக்கு நோவே இராது. அதைச் சுரண்ட வேண்டாம், சுரண்டினால்தான் நோகும். காதின் அடியில் ஒரு சிறு துளையிலிருந்து பசை போலக் கசிந்தால் அது பிறவியிலேயே வரும் கட்டி. சத்திர சிகிச்சை தேவைப்படும். ஈ கடித்த புண்கள் காது நுனியில் கறுப்புப் பொருக்காகத் தெரியும்.

பல்லை இறுக்குவதற்கு வாயையும் பார்க்க வேண்டும். மேல்வாயில், கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னால், சில குதிரைகளுக்குச் சிறிய ஒரு பல் இருக்கும். வுல்ஃப் டூத் என்போம். வாய்க்கம்பி அதில் தட்டினால் நோகும். கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கூராகிக் கன்னத்தின் உட்பக்கத்தைக் கிழித்திருந்தாலும் கன்னவார் (கடிவாளத்தில் கன்னத்தோடு வரும் வார்) அழுத்தும்போது வலிக்கும்.

இதைப் போராடிப் பார்க்கக் கூடாது. உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டு, சைலசீன் போன்ற, குதிரையை அமைதிப்படுத்தும் ஊசி கொடுத்து, தலை தாழ்ந்த பின் காதையும் வாயையும் ஒரே தரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட குதிரையும் திடீரென உதைக்கும், பின்னால் ஆளை நிற்க விடாதீர்கள். குதிரைப் பல் உபகரணம் இங்கே கிடைக்காவிட்டால் பேராதனை கால்நடை மருத்துவ பீடத்தின் வைத்தியசாலையுடன் கதைக்கச் சொல்லலாம். அதுவரை காதுக்குள் வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், உப்புத்தண்ணி எதுவும் விட வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் அது உள்ளே போய்த் தலைச் சமநிலையையே கெடுக்கும்.

கோப்பாய்_லாயம்:
நன்றி டொக்டர். அரச வைத்தியர் வந்து பார்த்தவர். வலக்காதின்ர அடியில உண்ணிக் குஞ்சுகள் இருந்தது, எடுத்து மருந்தும் விட்டிருக்கிறார். வாயில அந்தச் சின்னப் பல் இல்லை. கடைவாய்ப் பல்லு கொஞ்சம் கூர், அராவி விட்டவர். லாயத்துச் சுவர் வெடிப்புகளைச் சீமெந்தால அடைச்சாச்சு. காது ஆறீட்டுது எண்டும் சொல்லிப்போட்டார். தலையைத் தேய்க்கிறது நிண்டிட்டுது. ஆனால் கை போனால் இன்னும் அதே மாதிரித்தான் தலையைத் தூக்குது.

வடமராட்சி_சவாரி:
அது எதிர்பார்த்ததுதான். நோ போனது அதுக்குத் தெரியாது. கை வந்தால் நோகும் எண்டதுதான் தெரியும். இனித்தான் பழக்கம்.

ஒரு விசயத்தை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ: குதிரை படிக்கிறது கை வாற நேரத்தில இல்லை, கை போற நேரத்தில. தலையைத் தூக்கினாப் பிறகு கையை எடுத்தால், தூக்கினால் கை போகும் எண்டு படிக்குது. தூக்க முதலே எடுத்தால், சும்மா நிண்டால் கை போகும் எண்டு படிக்குது. ஒரு செக்கன் பிந்தினாலும் பாடம் மாறிப்போகும்.

நேரம்: விடியக்காலமை, ஈ எழும்ப முதல். சோளகம் அடிக்கிற பின்னேரங்களில பனையோலைச் சத்தத்துக்கே குதிரை விறைச்சு நிக்கும், அந்த நேரம் வேண்டாம். ஒரு தரத்துக்கு 5 தொடக்கம் 10 நிமிசம், நாளுக்கு ரெண்டு தரம் காணும். கட்டிப்போட்டுச் செய்யாதேங்கோ, கட்டின குதிரை பின்னுக்கு இழுத்தால் உச்சியில வார் இறுகி, நீங்கள் ஆத்தப் பார்க்கிற இடத்திலயே திரும்ப நோகும். 3 மீற்றர் பருத்திக் கயிறு தலைக்கயிற்றில, அது உங்கட கையில, சுத்தாமல் மடிச்சுப் பிடிக்க வேணும். நிக்கிறது இடத் தோளுக்குப் பக்கத்தில. நேர் முன்னால நிண்டால் நெற்றிக்குக் கீழ அதுக்குக் கண் தெரியாது, தலை வீசினால் உங்கட முகந்தான் முதல். தலைக்கவசம் போடுங்கோ.

முதல் வேலை தலையைப் பதிக்கிறது. கயிற்றைக் கீழ இழுக்கிறேல்ல. கையின்ர பாரத்தை மட்டும் கயிற்றில விட்டு நில்லுங்கோ. தலை ஒரு விரல் பதிஞ்சாலும் உடன விடுங்கோ. கரட் துண்டை முழங்கால் உயரத்தில குடுங்கோ, நெஞ்சுக்கு நேர குடுத்தால் தலை திரும்ப மேல வரும். விரல் தடிப்பில வெட்டின சின்னத் துண்டு காணும். மூக்கு உங்கட இடுப்பளவில தானாய் நிக்கப் பழகும் வரைக்கும் காதை மறந்திடுங்கோ. எல்லாரும் இந்தப் படியைத் தாண்டிப் பாய்வினம், அதாலதான் மாதக் கணக்காய் இழுபடுது.

பிறகு கை. காதின்ர அடியிலயிருந்து ஒரு சாண் கீழ, கழுத்தில புறங்கையால துவங்குங்கோ. விரல் மடிஞ்சு வாற கை பிடிக்க வாற கை. புறங்கை அப்பிடி இல்லை. மேல தடவிக்கொண்டு போய், நிக்காமல் அப்பிடியே வெளிய எடுங்கோ. ஓடுற கையை விட ஒரு இடத்தில நிண்டு யோசிக்கிற கைக்குத்தான் குதிரை கூடப் பயப்படும். தலை தூக்க முதல் அடையாளம் வரும்: மூச்சை நிப்பாட்டும், கண்ணிமை இறுகும், காதடித் தசை கல்லாகும். அதைக் கண்ட இடந்தான் எல்லை. அடுத்த தரம் அந்த எல்லைக்கு ரெண்டு விரல் இஞ்சாலயே கையை எடுங்கோ. தலையைத் தாழ்த்தினால், நாக்கைச் சப்பினால், நீளமாய் மூச்சு விட்டால் கொஞ்ச நேரம் சும்மா விட்டிட்டு அடுத்ததுக்குப் போங்கோ.

கை இருக்கேக்கையே தலை போனால் வெடுக்கெண்டு எடுக்காதேங்கோ. ஏலுமெண்டால் பிடிக்காமல் கையை அதோடயே மேல போக விட்டு, ஒரு கணம் நிக்கேக்கை எடுங்கோ. எட்டாட்டி விட்டிடுங்கோ, அடுத்த தரம் கீழயிருந்து.

காதடியின்ர வெளிப்பக்கம் சரியான பிறகு, உள்ளங்கையைக் குழாய் மாதிரித் தளர்வாய் வைச்சு அடியிலயிருந்து நுனிக்குக் காதை வழுக்க விடுங்கோ. உள்பக்கத்துக்கு விரல் போகப்படாது. உள்ளுக்கு இருக்கிற மயிரையும் வெட்டாதேங்கோ, ஈயைத் தடுக்கிறது அதுதான். கடைசியாய் காதை முன்பக்கம் மடிச்சு ஒரு செக்கன், பிறகு மூண்டு செக்கன். கடிவாளத்தில காதுக்குப் பின்னால போற தலைவாருக்குள்ளால காது போறது இந்த அசைவாலதான்.

தீவகம்:
அண்ணை, மூக்கில கயிறு முறுக்கிப் பிடிச்சால் குதிரை அசையாமல் நிக்குமே, ஒருக்கா அப்பிடிப் போட்டால் என்ன? நெடுந்தீவில திரியிற குதிரையளிலயும் இந்தக் கைப்பழக்கம் செய்யேலுமோ?

கால்நடை_வன்னி:
மேலுதட்டு முறுக்கு அவசர சிகிச்சைக்கு, சில நிமிடங்களுக்கு மட்டும். அதில் நிற்கும் குதிரை எதையும் பழகுவதில்லை, அசையாமல் நிற்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் போட வேண்டிய கடிவாளத்துக்கு அது வழியல்ல. நெடுந்தீவுக் குதிரைகள் கட்டாக்காலிகள், மனிதக் கை பழகாதவை. அவற்றின் தலைக்குக் கிட்டப் போகவே வேண்டாம்.

கோப்பாய்_லாயம்:
தலை பதிக்கிறது நல்லாய் வருது. இடக்காதை மடிக்கவும் விடுது. வலக்காது அடிவரைக்கும்தான், அதுக்கு மேல ஏலாமல் கிடக்கு. கடிவாளத்தை இனித் துவங்கலாமோ, இல்லாட்டி வலக்காது முடியும் வரைக்கும் பொறுக்கவோ?

வடமராட்சி_சவாரி:
தம்பி, வலக்காதைத் தொடவெண்டு இடப்பக்கத்திலயிருந்து உச்சிக்கு மேலால கையை நீட்டுறீங்களோ? அப்ப கை கண்ணுக்குத் தெரியாமல் பின்னாலயிருந்து வருது. வலப்பக்கம் போய், கழுத்திலயிருந்து முழுப் படியையும் புதுசாய்ச் செய்யுங்கோ. குதிரைக்கு ஒரு பக்கம் பழகினது மற்றப் பக்கத்துக்குத் தானாய்ப் போகாது. கை போகாத இடத்துக்கு மெல்லிய பருத்தித் துணியையும் விட்டுப் பாருங்கோ, சில குதிரையள் விரலை விட அதைக் கெதியாய் ஏற்கும். பிறகு பருத்திக் கயிற்றை வளையமாய்ப் பிடிச்சுக் காதுக்கு மேலால போக விடுங்கோ. அதுதான் இரும்பில்லாத கடிவாளம்.

அதுக்கிடையில கடிவாளத்தைப் பிரிச்சுப் பாவிக்கலாம். நெற்றிவாரைக் கழட்டிப்போட்டு, இடக் கன்னவாரின்ர கொளுக்கியைத் திறவுங்கோ. தலைவாரைத் தலைக்கயிறு மாதிரிக் காதுக்குப் பின்னால, பிடரியில வைச்சு இடப்பக்கம் பூட்டலாம். காதுக்கு மேலால ஒண்டும் போகத் தேவையில்லை. நெற்றிவார் இல்லாமல் தலைவார் பின்னுக்கு வழுகும், அதால நிலத்தில நிண்டு பழக்கத்தான் இது, ஏறி ஓட இல்லை.

வாய்க்கம்பி வேற பாடம். அதை மட்டும் எடுத்து, பனங்கட்டி கரைச்ச தண்ணி கொஞ்சம் பூசி உதட்டில வையுங்கோ. பூச்சு மட்டுந்தான், கட்டியாய்க் குடுக்காதேங்கோ. உடம்பு வைச்ச குதிரைக்கு இனிப்பு கூடினால் குளம்பு அழற்சி வரும். இடது உள்ளங்கையில கம்பியைப் படுக்க வைச்சு, பெருவிரலை வாயின்ர ஓரத்தால, பல் இல்லாத முரசில வையுங்கோ. வாய் தானாய்த் திறக்கும். முன்பல்லில இரும்பால தட்டித் திறக்கப் பார்த்தால் அந்தத் தட்டுத்தான் அடுத்த நாள் பல்லை இறுக்க வைக்கும். மாரியில கம்பி குளிர்ந்து கிடந்தால் உள்ளங்கையில சூடாக்கிப் போட்டு வையுங்கோ.

கழட்டுறதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல, உங்கட குதிரை கழட்டேக்கையும் உதறுது எண்டீங்கள். முதல் தொண்டைவாரையும் மூக்குவாரையும் அவிழுங்கோ. தலைவாரை ரெண்டு காதுக்கும் மேலால மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்து, அங்கயே உயர்த்திப் பிடிச்சபடி நில்லுங்கோ. குதிரை வாயைத் திறந்து நாக்கால கம்பியைத் தள்ளும், அப்பதான் கையைப் பதியுங்கோ. அவசரப்பட்டு விட்டால் கம்பி கீழ்முன்பல்லில கொழுவும், தலை மேல போகும், கொழுவினது இன்னும் இறுகும். அந்த ஒரு இழுவைக்காகவே கடிவாளத்தை வெறுக்கிற குதிரையள் இருக்கு.

கால்நடை_வன்னி:
அளவையும் சரிபாருங்கள். வாய்க்கம்பி ஒவ்வொரு பக்கமும் உதட்டுக்கு வெளியே ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் வரவேண்டும். உதட்டு ஓரத்தில் ஒரு சுருக்கு விழுந்தால் உயரம் சரி. மூக்குவாருக்குள் இரண்டு விரல், தொண்டைவாருக்குள் நான்கு விரல் போக வேண்டும். நெற்றிவார் கட்டையாக இருந்தால் தலைவாரைக் காதின் அடிக்கு இழுத்து வெட்டும். வலக்காதுக்குப் பின்னால் மயிர் தேய்ந்திருந்தால் அதுதான் காரணம். கடல் காற்றில் இரும்புக் கொளுக்கி கறள் பிடித்து விளிம்பு கூராகும். துருவேறா உருக்கில் மாற்றிக்கொள்ளுங்கள். மாரியில் தோல் வாரின் உட்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். உலர் துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள்.

கோப்பாய்_லாயம்:
வலப்பக்கம் போய்ச் செய்யத் துவங்கீட்டன், துணியை ஏற்குது. நெற்றிவாரை அளந்தன், கட்டைதான், வேற வாங்க வேணும். ஒண்டு மட்டும் கேக்கிறன்: ஒரு நல்ல நாளுக்குப் பிறகு அடுத்த நாள் திரும்பத் தலையைத் தூக்கினால்?

வடமராட்சி_சவாரி:
முதலில வைத்தியரிட்டக் காதைக் காட்டுங்கோ, உண்ணி திரும்ப வந்திருக்கா எண்டு. இல்லையெண்டால் முதல் நாள் கடைசியாய் சும்மா நிண்ட இடத்துக்கு ஒரு சாண் கீழ இருந்து துவங்குங்கோ. அண்டைக்கு அங்க வரைக்கும் வந்தால் காணும், கரட்டைக் குடுத்து அவிழ்த்து விடுங்கோ. வீட்டில வேற ஆக்களும் குதிரையைப் பார்க்கிறவை எண்டால் அவைக்கும் சொல்லி வையுங்கோ, வலக்காதில இப்போதைக்கு உங்களைத் தவிர வேற ஒருத்தரின்ர கையும் படக்கூடாது.