போதகர் பிழையாகப் போதித்தால் சபைக்கு அது தெரியுமா?

(பேசுபவர்கள் தங்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

கல்லடி:
திடப்படுத்தலுக்கு மனப்பாடம் செய்த சிறிய ஞானோபதேசத்தை, அதாவது லூத்தரின் கேள்வி-பதில் உபதேச நூலை, அதற்குப் பிறகு எத்தனை பேர் திறந்தோம்? ஜெர்மனியின் சாக்சனியில் சபைகளைப் பார்வையிடப் போன சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், போதிக்கத் தெரியாத போதகர்களையும் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியாத மக்களையும் கண்டார். அதனால்தான் 1529இல் வீட்டில் படிப்பிக்கத்தக்கதாக அந்த நூலை எழுதினார். மட்டக்களப்பு, அம்பாறை லுத்தரன் குடும்பங்கள் வாரம் ஒருநாள் கூடிப் படிக்க வேண்டும்.

அக்கரைப்பற்று:
அண்ணன், நம் லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான அவுக்ஸ்புர்க் அறிக்கையின் 14ஆம் பிரிவு என்ன சொல்லுது? முறையாக அழைக்கப்படாதவர் சபையில் பகிரங்கமாகப் போதிக்கக்கூடாது. போதகர் இல்லாத படிப்பு மூன்றாம் வாரமே அவரைக் குறைசொல்லும் கூட்டமாகிவிடும். "எனக்கு இந்த வசனம் இப்படித்தான் படுது" என்று ஆளுக்கொன்று சொன்னால் அது உபதேசமா?

கல்லடி:
அந்தப் பயம் நியாயம். ஆனால் 14ஆம் பிரிவு வீட்டுப் படிப்பைத் தடுக்கவில்லை. அதே அறிக்கையின் 28ஆம் பிரிவையும் பாருங்கள்: சுவிசேஷத்துக்கு மாறாகப் போதிக்கும் ஆயருக்குக் கீழ்ப்படியக்கூடாது என்பது சபைக்குத் தேவகட்டளை. பாடம் தெரியாத சபை அதை எப்படிக் கைக்கொள்ளும்? 1530 யூன் 25இல் பேரரசர் முன் அந்த அறிக்கையை வாசித்தவரே போதகரல்ல, சாக்சனியின் அரச அதிகாரி கிறிஸ்டியன் பேயர்.

அபிப்பிராயம் சொல்வதை நிறுத்த வழி உண்டு. ஆறேழு பேர், ஒன்றேகால் மணித்தியாலம். முதலில் வேதபகுதி, பிறகு ஞானோபதேசத்தின் ஒரு பகுதி, இரண்டையும் சத்தமாக வாசியுங்கள். பேசுபவர் எந்த வரியிலிருந்து பேசுகிறார் என்று விரல் வைத்துக் காட்டட்டும். உதாரணத்துக்கு, காணிக்கை கூடினால் ஆசீர்வாதம் கூடும் என்று பிரசங்கம் கேட்டீர்களா? விசுவாசப் பிரமாணத்தின் இரண்டாம் பகுதி விளக்கத்தை எடுங்கள்: கிறிஸ்து என்னை மீட்டது பொன்னாலும் வெள்ளியாலும் அல்ல, தம் இரத்தத்தால். பிழை அந்த வரியிலேயே பிடிபடும்.

வாழைச்சேனை:
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் மாசி, பங்குனியில் தொடங்காதீர்கள். பெரும்போக அறுவடை, ஆள் வராது. லெந்து நாளும் (தவக்காலம்) அதோடுதான் வரும்.

அக்கரைப்பற்று:
விரல் வைத்துக் காட்டும் முறை நல்லது, ஏற்கிறேன். ஆனால் பிழை பிடிபட்டால் முதலில் போதகரிடம் தனியாகப் போக வேண்டும். 1 தீமோத்தேயு 5:19 இரண்டு மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. கேட்டவர்கள் நாள், வேதபகுதி, சொன்ன வசனம் மூன்றையும் எழுதிக்கொண்டு போகட்டும்.

கல்லடி:
எழுதிக்கொண்டு போவது சரி. தனியாக மட்டும் என்பதை ஏற்கமாட்டேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை விளக்கும்போது, தமது விரிவான நூலாகிய பெரிய ஞானோபதேசத்தில் லூத்தர் சொல்கிறார்: பகிரங்கப் பிழைக்குக் கண்டனமும் பகிரங்கம். பிரசங்க பீடத்திலிருந்து சொன்னதைச் சபை முழுக்கக் கேட்டது. அதே சபை திருத்தத்தையும் கேட்க வேண்டும்.