மான் எங்கே போனதென்று தெரியவில்லை, அம்பையும் காணோம்: சருகுக்குள் எப்படித் தேடுவது?

கேள்வி (சனி, இரவு 8:10)
மிச்சிகனின் தெற்குப் பக்கம், தெரிந்தவர் பண்ணையில் வேட்டை. வில்லெடுத்து இது இரண்டாவது சீசன். இன்று மாலை 6:20க்கு, மரத்தில் 18 அடி உயரத்தில் கட்டிய ஸ்டாண்டிலிருந்து ஒரு வெண்வால் பெண் மானை அடித்தேன். தூரம் 22 யார்டு. 'தொப்'பென்று சத்தம் கேட்டது. மான் முதுகைக் கூனிக்கொண்டு சோளக்கொல்லைக்குள் போய்விட்டது. அது நின்ற இடத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் டார்ச் அடித்துத் தேடினேன். கணுக்கால் ஆழத்துக்கு ஓக் சருகு. அம்பின் இறகோ கறுப்பு (பார்க்க அழகாக இருக்கிறதென்று வாங்கினேன், திட்டாதீர்கள்). முனையில் மாட்டிய பிளேடுத் தலையோடு சேர்த்து அம்பு முப்பது டாலர், மனசு கேட்கவில்லை. அம்பை விட்டுவிட்டு மானைத் தேடிப் போகட்டுமா?

பதில் 1
தம்பி, சோளத்துக்குள் கால் வைக்காதீர்கள்; சீக்கிரம் போனால், படுத்த மான் எழுந்து ஓடிவிடும். முப்பது டாலர் கிடக்கட்டும், எங்கே பட்டது என்பதை அந்த அம்புதான் சொல்லும். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலைந்து மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சையாகப் பிசுபிசுத்து நாறினால் குடல்; எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் பக்கமே போகக் கூடாது. முதுகைக் கூனியது என்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது.

பதில் 2
மான் நின்ற இடத்தில் அம்பு இருக்காது. மேலிருந்து சரிவாக வருவது, மானைத் துளைத்து, மூன்று நாலு யார்டு தள்ளித் தரையைத் தொட்டு, சருகுக்கடியில் படுத்த வாக்கில் வழுக்கிப் போகும். மேலே ஒரு அங்குலம்கூடத் தெரியாது. ஒருவரை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, அவர் டார்ச் காட்டுகிற நேர்கோட்டில் மட்டும், மான் நின்ற இடத்தைத் தாண்டித் தேடுங்கள். குச்சியால் கிளறுங்கள். நான் ஒருமுறை கையால் துழாவி, கட்டைவிரலில் நாலு தையல்.

பதில் 3
மெட்டல் டிடெக்டர் இருந்தால் எடுத்துப் போங்கள். கார்பன் தண்டுக்குச் சத்தம் வராது, எஃகுத் தலைக்கு வரும். எப்படியும் விட்டுவிட்டு வராதீர்கள். நாளைக்கு டிராக்டர் டயரோ மாட்டுக் குளம்போ அந்த பிளேடில் ஏறும்.

கேட்டவர் (இரவு 9:40)
கிடைத்துவிட்டது! மச்சானை மரத்தில் ஏற்றினேன். நான் தேடிய இடத்திலிருந்து ஒன்பது காலடி தள்ளி, கோட்டுக்குக் கொஞ்சம் இடதுபுறம். சருகை விலக்கினால் நாக் (நாணில் மாட்டும் பின்முனை) மட்டும் எட்டிப் பார்த்தது. தண்டு முழுக்கப் பச்சைப் பிசுக்கு, மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை.

பதில் 1
குடல்தான். வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். இரவு குளிராக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். விடிந்ததும் தண்ணீர் இருக்கிற பக்கம் முதலில் பாருங்கள்.

கேட்டவர் (ஞாயிறு, காலை 8:15)
அண்ணே, ஓடைக்கரையில் படுத்தபடியே இறந்திருந்தது, 140 யார்டுக்குள். தூக்கம் வரவேயில்லை. அம்பைக் கழுவிவிட்டேன், திரும்ப எய்யலாமா?

பதில் 2
இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்துக் கேளுங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தாலோ, பஞ்சால் துடைக்கும்போது நார் மாட்டினாலோ உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் வில்லிலேயே சிதறிக் கையில் ஏறும். நன்றாக இருந்தால் பிளேடை மட்டும் மாற்றுங்கள். அப்படியே அந்தக் கறுப்பு இறகையும்.