விஸ்வநாததாஸ்: தியாகியை நினைத்தோம், நடிகரை மறந்தோமா?

திருமங்கலம் வாசகன் எழுதியது:

தியாகி விஸ்வநாததாஸ் நினைவு இல்லம் எங்கள் ஊர் திருமங்கலத்தில் இருக்கிறது. அவர் யார் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், வெள்ளைக்காரனை எதிர்த்து மேடையில் பாடிச் சிறைக்குப் போனவர் என்று தயங்காமல் சொல்வார்கள். அவர் என்ன வேடம் கட்டினார், எந்த நாடகங்களில் பெயர் பெற்றார், யாருடைய பாட்டுகளைப் பாடினார் என்று அடுத்து கேட்டால் பெரியவர்களிடமே பதில் கிடைப்பதில்லை. 1886-இல் சிவகாசியில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்து, 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தவர் அவர். சாகும் நேரத்திலும் வேடத்தோடு இருந்த ஒரு மனிதரின் கலையை ஒதுக்கிவிட்டு, அவருடைய சிறைவாசத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது அவருக்குச் செய்யும் முழு மரியாதை ஆகாது என்பது என் கருத்து. தியாகி என்று போற்றுவதில் எனக்கு மறுப்பு இல்லை. நடிகர் என்ற வகையில் அவரைப் பற்றி நாம் ஏன் பேசுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

மேலமாசி வீதி எழுதியது:

ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்பது நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. மதுரையில் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி சிறுமியாக இருந்தபோதே இசைத்தட்டில் பாடிவிட்டார். 1938-இல் சேவாசதனம், 1945-இல் மீரா என்று திரையிலும் இருக்கிறார். டி.எம். சௌந்தரராஜனின் குரலைக் கேட்காத தேநீர்க்கடை இந்த ஊரில் கிடையாது. 2023-இல் முனிச்சாலையில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள். இவர்களுடைய கலையைப் பற்றி நாம் வாதாட முடிகிறது என்றால், அது இன்றும் நம் காதில் விழுகிறது என்பதே காரணம். நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தாசுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1933-இல், முப்பது வயதுகூட நிரம்பாமல் இறந்தவர் அவர். ஆனாலும் அவருடைய காயாத கானகத்தே இசைத்தட்டு இன்றும் சுழல்கிறது. தாசின் குரலை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்காத குரலைப் புகழ்வதைவிட, நடந்தது என்று உறுதியாகத் தெரிந்த செயலைப் போற்றுவதே நேர்மையான நினைவு. அந்தக் காலத்தில் நன்றாகப் பாடிய ராஜபார்ட்டுகள், அதாவது கதாநாயக வேடக்காரர்கள், எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர்கூட மிஞ்சவில்லை. தாஸ் பெயர் மிஞ்சியது அவருடைய துணிச்சலால்.

ஆர்மோனியப் பெட்டி எழுதியது:

நான் ஸ்பெஷல் நாடகத்தில் பல வருடங்களாக ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடி வருபவன். மேலமாசி வீதி அன்பர் துணிச்சலையும் கலையையும் இரண்டாகப் பிரித்துவிட்டார். மேடையில் நிற்பவர்களுக்கு அப்படிப் பிரித்துப் பார்க்க வராது. ஏன் என்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

எங்கள் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ஊர்த் திருவிழாவுக்குத் தேதி கொடுத்தவுடன் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும், கதாநாயகி வேடம் போடும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், சிரிக்க வைக்கும் பபூனும் ஆடுகிற டான்ஸும் வேறு எங்கிருந்தோவும் வந்து சேர்வார்கள். சில நேரம் ஒருவரை ஒருவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும் நாடகத்துக்கு, சங்கரதாஸ் சுவாமிகள் அமைத்துக் கொடுத்த கதைப்போக்கும் பாட்டும் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பதே ஆதாரம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வருகிற பேச்சும், நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கமும் அந்த மேடையிலேயே பிறப்பவை. ராஜபார்ட் எந்த இடத்தில் புதுப் பாட்டை எடுப்பார் என்பதை அவர் மூச்சு இழுக்கும் விதத்தைப் பார்த்து நான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தாஸ் செய்ததை எண்ணிப் பாருங்கள். 1876-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டப்படி அரசுக்கு ஆகாத நாடகத்தைத் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இருந்தது. தாஸ் நாடகத்தை மாற்றவில்லை. ஊரறிந்த வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொண்டார். தினைப்புனத்தில் வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் சொல்லிப் பறவைகளை விரட்டும் கட்டம் அதில் இருக்கிறது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பறக்குதடி பாப்பா என்ற பாட்டு அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தால், பயிரைத் தின்ன வரும் வெள்ளைக் கொக்கு யார் என்று மக்களுக்கு உடனே விளங்கிவிடும். கதைக்குள்ளேயோ ஒரு பறவைப் பாட்டு வந்து போயிருக்கும், அவ்வளவுதான். ஸ்பெஷல் நாடகத்தின் தளர்ந்த கட்டமைப்பு தெரிந்த ஒரு தேர்ந்த நடிகருக்கு மட்டுமே இந்த இடம் கண்ணில் படும். மைக் இல்லாத காலத்தில், கடைசியில் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேரும்படி உச்ச சுருதியில் அதைப் பாடியும் ஆக வேண்டும். சொல் விளங்காமல் போனால் அந்தப் பாட்டுக்குச் சிறைத் தண்டனையே கிடைத்திருக்காது.

சினிமாவில் இது முடிந்திருக்குமா என்றும் யோசியுங்கள். 1939-இல் வெளிவந்த தியாகபூமி படத்தை ஆங்கில அரசு தடை செய்தது. படத்துக்குத் தடை போட்டால் படச்சுருள் பெட்டி முடங்கும். மேடைப் பாட்டுக்குத் தடை போட்டாலோ, பாடியவர்தான் சிறைக்குப் போக வேண்டும். வெளியே வந்தவுடன் அதே பாட்டை அடுத்த ஊரில் பாடவும் அவரால் முடியும். தாஸ் அதைத்தான் செய்துகொண்டே இருந்தார்.

சேடபட்டி மைந்தன் எழுதியது:

எங்கள் ஊரில் பிறந்த எஸ்.எஸ். ராஜேந்திரனையும் இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும். சிறுவயதில் நாடகக் கம்பெனியில் தேர்ந்து, திரைக்கு வந்து இலட்சிய நடிகர் என்று பெயர் வாங்கியவர். கொள்கைக்காகப் புராணப் படங்களில் நடிக்க மறுத்தவர். 1962-இல் தேனித் தொகுதியில் வென்று, இந்தியாவிலேயே மக்களால் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் திரைப்பட நடிகர் என்று அறியப்பட்டவர். வசன உச்சரிப்பில் அவருக்கு இருந்த சுத்தத்தைப் பற்றி இன்றைக்கு எத்தனை பேர் பேசுகிறார்கள்? அவர் படங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அப்படி இருந்தும் கட்சி, தேர்தல் என்றுதான் அவரை நினைக்கிறோம். ஆகவே பதிவு இருந்தால் கலை நினைவில் நிற்கும் என்று மேலமாசி வீதி நண்பர் சொல்வது முழுமையாகப் பொருந்தவில்லை.

மேலமாசி வீதி எழுதியது:

இருவருக்கும் சேர்த்து மறுமொழி எழுதுகிறேன். எஸ்.எஸ்.ஆர். புராண வேடம் வேண்டாம் என்றார். தாஸோ முருகன் வேடத்திலேயே அரசியல் பேசினார். இரண்டு பேரும் கொள்கையை வேடத்தில் காட்டினார்கள் என்பது உண்மை. எஸ்.எஸ்.ஆரின் நடிப்பைப் பேசாமல் விட்டது நம் சோம்பல், இன்றைக்கே திருத்திக்கொள்ளலாம். தாஸ் விஷயத்தில் திருத்திக்கொள்ள நம்மிடம் எதுவும் இல்லை.

ஆர்மோனிய ஐயா சொன்ன விளக்கம் அருமையானது. பறவை விரட்டும் கட்டத்தைப் பற்றி நான் இந்தக் கோணத்தில் சிந்தித்ததில்லை. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பாஸ்கரதாஸ் 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ் வரை பாட்டு எழுதியவர். அவருடைய தேசியப் பாட்டுகளை நாடக மேடையில் வேறு பலரும் பாடினார்கள். கே.பி. சுந்தராம்பாளும் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1935-இல் நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1951-இல் சட்ட மேலவைக்கும் போனார். அதே காலம், அதே மேடை, அதே இயக்கம். அப்படியானால் தாசைத் தனித்துக் காட்டுவது பாட்டுத் திறமையா, திரும்பத் திரும்பச் சிறைக்குப் போகத் துணிந்த மனமா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. இன்றைய ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்து அன்றைய தாசின் கலையை ஊகிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. இன்று பபூன் காட்சியும் சினிமாப் பாட்டும் இரவில் பாதியை எடுத்துக்கொள்கின்றன.

திருமங்கலம் வாசகன் எழுதியது:

மேலமாசி வீதி அன்பரே, துணிந்த மனம் என்று நீங்கள் சொல்வதற்குள் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. தாஸ் மருத்துவர் சமூகத்தில், முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர். அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்கச் சாதியின் பேரால் மறுத்தவர்கள் இருந்தார்கள் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. ராஜபார்ட்டுக்கு எதிரே நிற்க ஸ்திரீபார்ட் இல்லாவிட்டால் வள்ளி திருமணம் நடக்காது, பிழைப்பும் நடக்காது. அந்த நிலையில் ஒருவர் முருகனாக வேடம் கட்டி, ஊரே கையெடுத்துக் கும்பிடும்படி மேடையில் நின்றார் என்றால், பாட்டும் நடிப்பும் சாதாரணமாக இருந்தால் மக்கள் ஏற்றிருப்பார்களா? அவரை ஒதுக்க நினைத்தவர்களுக்கு முன்னால் அவருக்கு இருந்த ஒரே பலம் அவர் தொழிலில் பெற்றிருந்த தேர்ச்சிதான். தியாகத்தை மட்டும் சொல்லும்போது இந்தப் போராட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இன்று அவருடைய சமூகத்தார் அவரை அன்போடு நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கடமையை அவர்கள் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டது எனக்கு வேதனையாக இருக்கிறது.

பரவை முனியம்மாவையும் நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகள் கிராமிய மேடைகளில் பாடியவரை 2003-இல் தூள் படத்தில் ஒரு பாட்டுப் பாடிய பிறகுதான் தமிழ்நாடு முழுவதும் தெரிந்துகொண்டது. 2020-இல் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகளில் அந்த ஒரு பாட்டுத்தான் பெரிதாக இருந்தது. அவர் மேடையில் பாடிய காலத்தில், கேட்டவர்கள் உயிரோடும் நினைவோடும் இருந்தபோது, அதை எழுதி வைக்க நமக்குத் தோன்றவில்லை. பதிவு இல்லை என்று நாம் சொல்லும் இடங்களில் எல்லாம், பதிவு செய்யாதவர்கள் நாமே.

மேலமாசி வீதி எழுதியது:

சாதி பற்றி நீங்கள் சொன்னது கனமான வாதம். அதை நான் மறுக்கப் போவதில்லை. என் அச்சம் வேறு. தாசைப் பற்றி உலவும் கதைகள் ஏராளம். கைது செய்ய வந்த போலீசாரிடம் முருகன் வேடத்தில் இருந்தபடியே அவர் என்ன சொன்னார் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். கடனில் வீடு மூழ்கும் நிலையிலும் அரசுக்குச் சாதகமாகப் பாட மறுத்தார் என்பதும் பல வடிவங்களில் வருகிறது. நடிகராக அவரை மீட்கப் போகிறோம் என்று கிளம்பினால், அவர் குரல் இப்படி இருந்தது, அப்படி இருந்தது என்று இன்னும் பத்துக் கதைகளைச் சேர்த்துவிடுவோமே என்று பயப்படுகிறேன். நெருப்பாகப் பாடினார், தேனாகப் பாடினார் என்று யாரோ எழுதுவதை அடுத்த தலைமுறை வரலாறு என்று படிக்கும். நடந்ததை நடந்தபடி சொல்வதற்குத் தியாகி என்ற ஒரு வரலாறு போதும் என்று நான் சொன்னது இதனால்தான்.

ஆர்மோனியப் பெட்டி எழுதியது:

உங்கள் பயம் நியாயமானது. அதற்காகவே கதைகளை விட்டுவிட்டுப் பொருள்களைத் தேட வேண்டும் என்கிறேன். நாடக நோட்டீஸ் என்று ஒன்று எங்கள் தொழிலில் உண்டு. ஊர், தேதி, நாடகத்தின் பெயர், யார் யார் எந்தப் பார்ட், ஆர்மோனியம் யார், மிருதங்கம் யார் என்று அத்தனையும் அதில் அச்சாகி இருக்கும். பழைய நோட்டீஸ்கள் பெட்டிகளின் அடியிலும் சுவர் அலமாரிகளிலும் இன்னும் கிடக்கின்றன. ஒரு நோட்டீஸ் கிடைத்தால், அந்த இரவில் எந்த ஊரில் எந்த நாடகம் போட்டார்கள், எதிரே நின்றவர் யார் என்பதை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. அடுத்தது பாட்டு நோட்டு. வாத்தியார் சொல்லக் கேட்டு மாணவர் எழுதிக்கொண்டது. எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு, எங்கே விருத்தம், எந்த ராகம் என்ற குறிப்பு அதில் இருக்கும். அந்தப் பரம்பரை நோட்டுகளில் தேசியப் பாட்டு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதைத் தேடிப் பார்க்கலாம். சினிமாப் பாட்டு வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் காயாத கானகத்தே பாடாமல் எங்கள் பக்கத்து ரசிகர்கள் இன்றும் ராஜபார்ட்டை மேடையைவிட்டு இறங்க விடமாட்டார்கள்.

மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. நாடகத் தேதிகள் குறையும்போது மூத்த கலைஞர்களுக்கு ஓய்வு இருக்கும். திருமங்கலம் வாசகன் ஐயாவும் மேலமாசி வீதி அன்பரும் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தால், அவர்களை உட்கார வைத்துக் கேட்க நான் ஏற்பாடு செய்கிறேன். யார் சொன்னது, யாரிடம் கேட்டது, நேரில் பார்த்ததா செவிவழி வந்ததா என்பதைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பை மேலமாசி வீதி அன்பரே எடுத்துக்கொள்ளட்டும்.

மேலமாசி வீதி எழுதியது:

வருகிறேன் ஐயா. முதலில் நோட்டீஸ்களைப் படம் பிடித்துவிடுவோம். தாளைப் பூச்சி அரித்துக்கொண்டிருக்கும். தாசை எப்படி அழைப்பது என்பதில் என் கருத்தை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.