ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஓடாமல் நின்றுவிடுகிறது: உங்கள் அனுபவங்கள்

முட்டத்திலிருந்து:
கடற்கரைக்கு அருகிலுள்ள ஒரு விடுதியின் புல்வெளியை, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டு வண்டியைக் கொண்டு பராமரித்து வருகிறேன். சென்ற ஆண்டு அந்த வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகி, கால் மணி நேரம் ஓடியதும் திணறித் திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் ஓடும். பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் என எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் வாங்கி வந்த உதவியாள் தம்பி எதையோ கலந்துவிட்டான் என்று நான்கு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. அன்று மாலையில் வண்டி நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திருகியபோது, உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்த ஒலி கேட்டது. உடனே சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நிற்காமல் ஓடியது. மூடியில் காற்று புகும் ஊசித்துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. உள்ளே காற்று புகாததால் பெட்ரோல் இறங்கவில்லை. அந்த ஒலி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

குலசேகரத்திலிருந்து:
எங்கள் ரப்பர் தோட்டத்தில் களைக்காடு வெட்டும் மிஷினுக்கும் இதே நோய் வந்தது. இடவப்பாதி மழைக்கு (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கு) முன் கேனில் வாங்கி வைத்த பெட்ரோலை ஐப்பசியில் ஊற்றினேன். இரண்டு இழுப்பில் பிடித்த இன்ஜின், பத்து எண்ணுவதற்குள் அணைந்தது. பால்வெட்டுக்கு வருபவர்கள் பாம்புக்கு அஞ்சி, முழங்கால் உயரக் களையின் ஓரத்தில் கையில் விளக்குடன் காத்து நின்றார்கள். அந்தப் பெட்ரோலைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வைத்தபோது, அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கலங்கிய நீர் தனியே பிரிந்து நின்றது. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் நீரோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். ஆகவே குற்றம் பெட்ரோலில்தான்.

நாகர்கோவிலிலிருந்து:
குலசேகரத்து நண்பர் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை. ஐந்து மாதம் கேனில் கிடந்த பெட்ரோல் கெட்டுப்போனதற்காக, எல்லா வண்டிக்கும் அதையே காரணமாகச் சொல்லிவிட முடியாது. நான் பார்த்துக்கொள்ளும் மைதானத்து வண்டி, மேடு பள்ளத்தில் குலுங்கியதும் பட்டென்று அணையும். இருக்கையின் அடியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சின் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஆள் உட்கார்ந்திருந்தும், இல்லை என்று எண்ணி அது இன்ஜினை நிறுத்தியது.

எனவே முதலில் அது எப்படி நிற்கிறது என்று கேளுங்கள். சாவியை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும்; இழுத்துத் திணறி நின்றால் பெட்ரோல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் கார்புரேட்டர் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சிறு துளையில், அடைப்பு இருக்கும். அதைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் பிறகு சரிப்படாது. கிளீனர் அடித்துக் காற்றால் ஊதினால் போதும். கார்புரேட்டரின் அடியில் சோலினாய்டு (சாவி போட்டதும் பெட்ரோலுக்கு வழி திறக்கும் மின் வால்வு) உள்ள வண்டியாக இருந்தால், சாவியைத் திருப்பும்போது அதில் டிக் என்ற ஒலி வருகிறதா என்று கவனியுங்கள். பாதுகாப்பு சுவிட்சை வயர் வைத்து இணைத்துவிடச் சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். ஆள் தவறி விழுந்தாலும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். கையை உள்ளே விடுமுன் பிளக் வயரைக் கழற்றி வைப்பதையும் மறந்துவிடாதீர்கள்.

முட்டத்திலிருந்து:
அண்ணாச்சி சொல்வது சரிதான். என் வண்டி திணறித்தான் நின்றது. அரை மணி நேரத்தில் அந்த அடைப்பின் இடுக்கு வழியாகவே கொஞ்சம் காற்று டேங்குக்குள் இறங்கியதால்தான் மறுபடியும் ஓடியிருக்கிறது என்று இப்போது விளங்குகிறது. முதல் நாளே மூடியைத் தளர்த்திப் பார்த்திருந்தால் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்திருக்காது. தம்பி இப்போது தேங்காய்ப்பட்டணத்தில் விசைப்படகில் வேலை செய்கிறானாம். மூன்று முறை அழைத்துவிட்டேன். அவன் இன்னும் போனை எடுக்கவில்லை.