சாவுச் சடங்கு அருங்காட்சியகம் பார்த்த அனுபவம்: போய் வந்தவர்கள் எழுதியவை

வியன்னாவாசி:

வியன்னாவுக்கு வரும் நம் ஆட்கள் அரண்மனையைப் பார்த்து, கேக் சாப்பிட்டு, கிளம்பிவிடுகிறார்கள். நான் எல்லோரையும் 71-ஆம் எண் டிராமில் ஏற்றி மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்புவேன். 1874-இல் திறந்த இடம். சுமார் 30 லட்சம் பேர் அங்கே அடக்கம். இசைமேதைகள் பேத்தோவன், ஷூபர்ட் சமாதிகளுக்குத்தான் கூட்டம். இரண்டாம் வாசலுக்குப் பக்கத்தில், உடலைப் பார்வைக்கு வைக்கும் மண்டபத்துக்குக் கீழே ஈமச்சடங்கு அருங்காட்சியகம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1967-இல் வேறிடத்தில் தொடங்கி, 2014-இல் இங்கே வந்தது.

அப்பா காரியம் முடித்து ஊரிலிருந்து திரும்பிய சில மாதங்களில் போனேன். இருட்டான கூடம், பொருள்களின் மேல் மட்டும் வெளிச்சம். என்னை நகரவிடாமல் நிறுத்தியது ஒரு சாதாரண மரப்பெட்டி. அலங்காரம் எதுவும் இல்லை. குனிந்து அடியைப் பார்த்தால், பலகை இரண்டு கதவாகத் திறக்கிறது. குழிக்கு மேல் பெட்டியைப் பிடித்து விசையைத் தட்டினால் உடல் மட்டும் உள்ளே விழும். பெட்டி அடுத்தவருக்கு.

இது ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் ஜோசப் பேரரசர் 1784-இல் போட்ட உத்தரவு. உடலுக்கு உடை வேண்டாம், துணிப்பையில் வைத்துத் தைத்துவிடுங்கள், குழியில் சுண்ணாம்பு போடுங்கள், பெட்டியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள் என்றார். மரம் மிச்சமாகும், உடலும் சீக்கிரம் மட்கும் என்பது அவர் நினைப்பு. நியாயமான கணக்குதான். ஆனால் கோடித் துணி போர்த்தி அனுப்பும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. வியன்னா ஜனங்களும் பொறுக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பி, 1785 தொடக்கத்திலேயே பேரரசர் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எத்தனையோ சீர்திருத்தங்களைப் பிடிவாதமாக நடத்திய மனுஷர் அவர். தம் வீட்டுப் பிணத்துக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று நின்ற சாதாரண ஜனங்களிடம் இறங்கி வந்திருக்கிறார். அந்தப் பெட்டியின் முன்னால் எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

அடுத்தது மணி. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் அந்தக் காலத்து ஐரோப்பாவை ஆட்டிப் படைத்திருக்கிறது. பிண அறையில் கிடத்தியிருப்பவர் கையில் ஒரு கயிறு. மறுமுனை காவலாளி அறையில் இருக்கும் மணியில். கை அசைந்தால் மணி அடிக்கும். இறந்தது உறுதியாக வேண்டும் என்று இதயத்தில் குத்தச் சொல்லி உயில் எழுதியவர்களும் உண்டு. அதற்கான மெல்லிய கத்தியையும் வைத்திருக்கிறார்கள். அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியபோது அருகில் நின்றவள் நான். நாம் உடல் அசையாமல் ஒழுங்காகக் கிடக்கட்டும் என்று கட்டுகிறோம். இவர்கள் ஒருவேளை அசையுமோ என்று கட்டியிருக்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் அதற்கு அனுமதி இருப்பதுபோலத்தான் இருந்தது.

மற்றபடி ஆடம்பர ஊர்வலத்தின் கறுப்புச் சீருடைகள், குதிரைகளுக்கான கறுப்புப் போர்வைகள் எல்லாம் உண்டு. பார்க்க ஜனம் கூட வேண்டும், நாலு பேர் பேச வேண்டும் என்று சாவுக்காகச் சேமித்து வைத்த ஊர் இது. 1918-இல் டிராமிலேயே பிணங்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள். இறந்தவரை ‘71-இல் ஏறிட்டார்’ என்பது இங்கே இன்றும் சகஜமான பேச்சு.

ஹூஸ்டன் மருமகள்:

அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல. எங்க ஊர்லயும் ஒண்ணு இருக்கு, 1992-ல திறந்த தேசிய ஈமச்சடங்கு வரலாற்று அருங்காட்சியகம். பிள்ளைகளுக்குக் கானா நாட்டுச் சவப்பெட்டிகள்தான் பிடிச்சது. மீன், விமானம்னு விதவிதமா செதுக்கி, வண்ணம் அடிச்சது. அந்த நாட்டுத் தலைநகர் அக்ரா பக்கத்து ‘கா’ இன மக்களோட வழக்கம். இறந்தவர் செஞ்ச தொழில், ஆசைப்பட்ட வாழ்க்கை பெட்டியோட உருவமாயிடும்.

எனக்கு மனசுல நின்னது 19-ஆம் நூற்றாண்டுத் துக்கப் பகுதி. இறந்தவங்க தலைமுடியைப் பின்னிச் செஞ்ச நகை. கிட்டப் போய்ப் பார்த்தா ஒவ்வொரு இழையும் தெரியுது, நிறம் மங்கவே இல்ல. கறுப்பு உடைகளும் இருக்கு. அந்தக் காலத்துல புருஷன் செத்தா பொண்டாட்டி ரெண்டரை வருஷம் வரைக்கும் துக்க உடை உடுத்தணும். பொண்டாட்டி செத்தா புருஷனுக்குச் சில மாசத்தோட சரி. விக்டோரியா மகாராணி 1861-ல இருந்து சாகுற வரைக்கும் கறுப்புலயே இருந்தாங்க. அது அவங்க விருப்பம். மத்த பொம்பளைங்களுக்கு ஊர் வாய்க்குப் பயந்த கட்டாயம். எங்க பாட்டி இருபத்தஞ்சு வயசுல வெள்ளைச் சேலைக்கு மாறினவங்க, அதனால அந்த உடைகளை அழகுன்னு ரசிக்க முடியல. அதை வழிகாட்டி அம்மாகிட்டயும் சொன்னேன். பொறுமையா கேட்டுக்கிட்டாங்க.

பொருநைக்காரன்:

ரெண்டு பேரும் எழுதினதைப் படிச்சேன். நம்ம ஆதிச்சநல்லூரையும் இதோட சேர்க்கணும். 2023 ஆகஸ்ட்ல திறந்த தள அருங்காட்சியகம். தோண்டின குழிகளை அப்படியே விட்டு மேல கண்ணாடித் தளம் போட்டிருக்காங்க. காலுக்குக் கீழ முதுமக்கள் தாழிகள், அதாவது அந்தக் காலத்துல இறந்தவங்களை வச்சுப் புதைச்ச பெரிய மண்பானைகள். செருப்புக் காலோட நடக்க மனசு கேக்காம கழட்டிக் கையில வச்சுக்கிட்டேன்.

தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரே 1899-ல இருந்து சில ஆண்டுகள் இங்க தோண்டினார். நெற்றியில கட்டுற தங்கப் பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்பு ஆயுதம் எல்லாம் கிடைச்சுது. என்னை உலுக்கினது அதெல்லாம் இல்ல. தாழிக்குள்ள வச்ச சின்னப் பானைகள்ல நெல் உமியும் தினை வகை உமியும் இருந்ததா அவர் பதிவு பண்ணியிருக்கார். போற ஆளு பட்டினியா போகக் கூடாதுன்னு அன்னைக்கே யாரோ நினைச்சிருக்காங்க. நான் எங்க அம்மைக்கு வாய்க்கரிசி போட்டவன், அதனால இதுக்கு எனக்கு விளக்கம் தேவைப்படல.

ஒண்ணு மட்டும் சொல்லணும். ரே எடுத்த பல பொருட்களைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகணும். தாழி இங்க, கூட வச்சதுல பாதி அங்க. ஒரே இடத்துல பார்த்தாத்தான் அந்த ஜனங்க செஞ்சது முழுசா புரியும். திருநெல்வேலியில திருச்செந்தூர் பஸ் ஏறினா வழியிலேயே வரும். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க.