கிளாரித்ரோமைசின் 500: சுகர், பிரஷர், கொழுப்பு மாத்திரையோட சேர்த்துச் சாப்பிடலாமுங்களா?

கோபி_வாய்க்கால்மேடு
வணக்கமுங்க. அம்மாவுக்கு 64 வயசு, பென்சிலின் ஒத்துக்காது. நெஞ்சுச்சளிக்குக் கிளாரித்ரோமைசின் 500ங்கற கிருமிக்கொல்லி மாத்திரை, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, 7 நாளைக்கு எழுதியிருக்காங்க. ஏற்கெனவே தினமும் கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40, பிரஷருக்கு அம்லோடிபின் 5, சுகருக்கு கிளிமிபிரைடு 1, வயித்தெரிச்சலுக்கு பான்-டி போயிட்டிருக்குது. அந்தச் சீட்டு வேற ஆஸ்பத்திரியோடதுங்க. தெரிஞ்சவங்க அசித்ரோமைசின் 3 நாள் போட்டாலே போதும்ங்கறாங்க. மாத்திக்கலாமுங்களா? சோத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?

ஈரோடு_மருந்தாளுநர்
ஏனுங்க, முதல் மாத்திரை உள்ள போறதுக்கு முன்னாடி எழுதிக்கொடுத்த டாக்டருக்குப் போன் பண்ணி, அந்த நாலு மருந்தோட பேரையும் எத்தனை மில்லிகிராம்னும் படிச்சுச் சொல்லிருங்க. இன்னைக்கே பண்ணோணும். சளி முத்தறதுக்கு விடக்கூடாது, அதே நேரம் கேக்காமயும் ஆரம்பிக்கக்கூடாது.

காரணம் இதுதான். நம்ம கல்லீரல்ல சைப்-3ஏ4ன்னு ஒரு நொதி பல மருந்துகளைச் சிதைச்சு வெளிய அனுப்புது. கிளாரித்ரோமைசின் அதை முடக்கிப்போடும். அப்ப வழக்கமா போடற மாத்திரையே ரத்தத்துல பல மடங்கு தேங்கிரும்.

முதல்ல பார்க்கவேண்டியது பான்-டி. அதுல பேன்டோபிரசோலோட டாம்பெரிடோனும் இருக்குது. டாம்பெரிடோனும் கிளாரித்ரோமைசினும் சேரவே கூடாதுங்க. ரெண்டுமே இதயத்துடிப்போட மின்சார ஓட்டத்துல க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்துல மின்சாரம் ஓடி அடங்கற நேரத்தை, நீட்டும். போதாததுக்கு டாம்பெரிடோன் அளவும் ஏறிக்கும். துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழற அபாயம் இருக்குது. அட்டையைத் திருப்பிப் பாருங்க, டாம்பெரிடோன்னு இருந்தா, அது இல்லாத வெறும் பேன்டோபிரசோல் தரச்சொல்லிக் கேளுங்க.

அட்டோர்வாஸ்டாட்டினை கிளாரித்ரோமைசினோட தினம் 20 மில்லிகிராமுக்கு மேல போடக்கூடாது. அம்மாவுது 40. பெரும்பாலும் டாக்டர் அந்த ஒரு வாரம் நிறுத்தச் சொல்லுவாரு. அதனால கெடுதல் ஒண்ணும் வராது. நிறுத்தாம விட்டா சதை நார் உடைஞ்சு, அந்தக் கழிவு கிட்னியை அடைக்கலாம். தொடை, கெண்டைக்கால் வலி, மூத்திரம் வரக்காப்பி நிறத்துல போறது இதோட அடையாளம். கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டினா இருந்தா அறவே கூடாது.

அம்லோடிபின் கூடினா பிரஷர் இறங்கும், எந்திரிக்கையில கிறுகிறுக்கும், கால் வீங்கும். வீட்டுல மெஷின் இருந்தா காலையும் மாலையும் பாருங்க. சுகர் மாத்திரையோட சேரும்போது சர்க்கரை திடுக்குனு இறங்கலாம். சாப்பாட்டுக்கு முன்னாலயும் படுக்கறதுக்கு முன்னாலயும் குத்திப் பாருங்க. 70க்குக் கீழ போனாலோ, வேர்த்துக் கை நடுங்கினாலோ, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. சளியில சோறு இறங்காத நாள்ல இது ரொம்ப முக்கியமுங்க.

நொய்யல்_கிளினிக்
மேல சொன்னது அத்தனையும் சரி. மிச்சத்தை நான் சொல்லறேன்.

அசித்ரோமைசின் அந்த நொதியை அவ்வளவா தொடறதில்லைங்க, அதனால இந்த மாதிரி ஆளுங்களுக்கு வசதியான மருந்துதான். ஆனா அதுவும் க்யூடியை நீட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013லயே இதைப்பத்தி எச்சரிச்சிருக்குது. இதய நோய் இருக்கறவங்களுக்கும், பொட்டாசியம் குறைவா இருக்கறவங்களுக்கும் பார்த்துத்தான் குடுக்கோணும். மாத்தறதுன்னா டாக்டர் மாத்தட்டும், நீங்களாப் பண்ண வேண்டாம்.

3 நாள் போதும்ங்கறது எப்படின்னா, அசித்ரோமைசின் திசுக்குள்ள போய்த் தங்கி, பாதி குறையறதுக்கே 68 மணி நேரம் போல ஆகும். மாத்திரை முடிஞ்ச பிறகும் வேலை செய்யும். கிளாரித்ரோமைசின் 5 முதல் 7 மணி நேரத்துல பாதியாயிரும். அதனாலதான் 12 மணிக்கொருக்கா. காலை 8, ராத்திரி 8ன்னு வெச்சுக்குங்க. மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போடுங்க. அடுத்த வேளை நெருங்கியிருந்தா விட்டுருங்க, ரெண்டாச் சேர்த்துப் போடாதீங்க.

சாதா மாத்திரை சோத்துக்கு முன்னாலயும் ஆகும், பின்னாலயும் ஆகும். வயித்தைப் பிசைஞ்சா பின்னால போடுங்க. அட்டையில எக்ஸ்எல், ஈஆர்னு இருந்தா அது மெதுவாக் கரையற ரகம், சாப்பாட்டோடதான், ஒடைக்கக்கூடாது. ஜெலுசில் மாதிரி அலுமினியம், மெக்னீசியம் உள்ள மருந்து அசித்ரோமைசினைப் பிடிச்சு வெச்சுக்கும். அசித்ரோமைசினை ஒரு மணி நேரம் முன்னாலயோ ரெண்டு மணி நேரம் கழிச்சோ போடோணும்.

கிளாரித்ரோமைசின்ல வாய் இரும்பாட்டம் கசக்கும், முடிஞ்சதும் போயிரும். அதுக்குப் பயந்து நடுவுல நிறுத்திராதீங்க. ஆனா மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கண் மஞ்சள், உதடு வீக்கம், ரத்தத்தோட பேதி, இதுல எது வந்தாலும் அடுத்த மாத்திரை போடாம உடனே ஆஸ்பத்திரி.

தாராபுரம்_அம்மணி
குழந்தைக்கு அசித்ரோமைசின் சிரப் குடுத்திருக்காங்க. 12 கிலோ, பாட்டில்ல 5 மில்லிக்கு 200ன்னு போட்டிருக்குது. பவுடராத்தான் இருக்குதுங்க, எப்படிக் கலக்கறது?

ஈரோடு_மருந்தாளுநர்
பொதுவா கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒருக்கா, 3 நாள். அப்ப 120 மில்லிகிராம், அதாவது 3 மில்லி. சீட்டுல வேற அளவு இருந்தா டாக்டர்கிட்டக் கேட்டுக்குங்க. 5 மில்லிக்கு 100 உள்ள பாட்டிலும் வருது, அதுல 6 மில்லி ஆகும். அட்டையைப் பார்க்காம மாத்திக் குடுத்தா அளவு பாதியோ ரெட்டிப்போ ஆயிரும்.

பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிரியாக்குங்க. பெட்டியில தண்ணிக்குப்பி இருந்தா அதையே ஊத்துங்க. இல்லைன்னா காய்ச்சி நல்லா ஆறவெச்ச தண்ணி. சுடுதண்ணி, பால், உப்புப் போர்த்தண்ணி ஆகாது. பாதி ஊத்திக் குலுக்கி, நுரை அடங்கினதும் கோடு வரைக்கும் ஊத்தி மறுபடி குலுக்குங்க. நுரையோட கோடு பார்த்தா தண்ணி கம்மியாகி மருந்து கெட்டியாயிரும். ஒவ்வொரு தடவையும் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சுல அளந்து குடுங்க. சமையல் கரண்டி வேண்டாம். கலக்கின தேதியைப் பாட்டில் மேல எழுதிவெச்சு, லேபிள்ல சொன்ன நாள் முடிஞ்சா மீதியைக் கொட்டிருங்க.